ஒத்தக் கொம்பன் நின்ற வளைவு

நவம்பர் 3, திங்கள்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று முன்பே சொன்னவன் நான். எழுதி வைக்காததுதான் தப்பு. அதனால் இன்று முதல் எழுதுகிறேன்.

என் தங்கை தமயந்திக்கு முகம் வீங்கத் தொடங்கிய அன்றே, "இது பல் வீக்கம் இல்லை, உள்ளே வடிகட்டி அடைத்திருக்கிறது" என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகு எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். "கடைசியில் என்கிட்டதான் வருவீங்க" என்றும் சொல்லியிருந்தேன். வந்தார்கள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் பரிசோதித்ததில் அண்ணன் தங்கை பொருத்தம் அப்படி ஒரு பொருத்தமாம். பெரிய டாக்டரே எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார். உடன் வந்த தங்கை மகள் வினோதினி, "அவர் ஃபைல் எடுக்க எழுந்தாரு மாமா" என்கிறாள். அவள் பேங்க்கில் வேலை செய்கிறவள், எதிலும் ரசீது கேட்பாள்.

ஒரே ஒரு நிபந்தனை. என் எடை தொண்ணூற்றொன்று புள்ளி இரண்டு. எண்பத்திரண்டுக்குக் கீழே வந்தால்தான் என் கிட்னியை எடுப்பார்களாம். ஓட வேண்டும், சைக்கிள் மிதிக்க வேண்டும். டயட் பார்க்கும் பெனசீர் மேடம் இந்த நோட்டைக் கொடுத்து, தினமும் எடை, ஓட்டம், சைக்கிள், சாப்பாடு நான்கையும் எழுதச் சொன்னார். நான் போகும்போதெல்லாம் படித்துப் பார்ப்பாராம். மேடம், படிக்கும்போது சிரிக்கக் கூடாது. இது சரித்திரம்.

என்னைப் பற்றி: பெயர் பொன்னுரங்கம். வயது ஐம்பத்துநான்கு. படிப்பு ஒன்பதாம் வகுப்பு, ஆனால் பத்தாம் வகுப்புப் பாடம் எல்லாம் கேள்வியறிவு. கோத்தகிரிப் பக்கம் இலை ஷெட்டில் பச்சைத் தேயிலை எடை போடும் தராசுக்காரன். 1986இல் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரை மலையேறும் சைக்கிள் பந்தயத்தில் முதல் பரிசு. அதனால் குளிர் எனக்கு அண்ணன் தம்பி மாதிரி.

நான் தேறாவிட்டால் தான் கொடுப்பதாக வினோதினி சொல்கிறாள். அவளுக்கும் அதே ரத்த வகைதான். தமயந்தி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கத்திவிட்டாள்: "இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு, நாளைக்குக் கல்யாணம் காட்சி, புள்ளப்பேறுன்னு இருக்கு. அவகிட்ட வாங்கறதுக்கு நான் மெஷின்லயே கெடந்து போயிடறேன்."

நான் நெஞ்சில் தட்டிச் சொன்னேன்: "நான் எதுக்கு இருக்கேன்?"

நவம்பர் 4, செவ்வாய்

எழுந்தது ஐந்து மணி. ஓட்டம் ஆறு கிலோமீட்டர். சாப்பாடு ராகிக் களி, கீரை.

வினோதினி செல்போனில் பார்த்துவிட்டு, "நம்ம வீட்லருந்து பஸ் ஸ்டாண்டு போயிட்டு வந்தா ரெண்டரைதான் மாமா" என்றாள். குளிரில் ஓடும் ஒரு கிலோமீட்டர் வெயிலில் ஓடும் மூன்றுக்குச் சமம். அமெரிக்காவில் நிரூபித்திருக்கிறார்கள். அதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

நவம்பர் 7, வெள்ளி

மழை. இரண்டு இடத்தில் மண் சரிந்து ரோடு அடைப்பு. ஓடவில்லை. ஆனால் ஓடுவதாகவே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். மனசு ஓடினால் உடம்பு பாதி தூரம் வரும்.

நவம்பர் 14, வெள்ளி

மழை விட்டு வாடைக்காற்று ஆரம்பம். வினோதினி தன் கியர் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். இருபத்தொரு கியராம். நான் பரிசு வாங்கிய சைக்கிளில் கியர் கிடையாது, பிரேக்கும் பேருக்குத்தான்.

இன்று இலை ஷெட் தராசில் ஏறினேன். தொண்ணூறு காட்டியது. தராசுக்கு என்று ஒரு தர்மம் உண்டு, மேடத்துக்குத் தெரியாமல் இருக்கலாம். தோட்டக்காரர் இலை மூட்டையை வைத்ததும் முள் காட்டுவதை அப்படியே எழுத மாட்டோம். சாக்குக்கு ஒரு கிலோ கழிப்போம். மழை, பனி என்றால் ஈரக் கழிவு தனி. மீதிதான் இலை. அதே கணக்கில் எனக்கும் ஸ்வெட்டர், குல்லா, பூட்சுக்கு இரண்டு, ஈரத்துக்கு ஒன்று கழித்தேன்.

எடை: எண்பத்தேழு.

பதினொரு நாளில் நாலு கிலோ. ஷெட்டில் எல்லோரும் கை தட்டினார்கள்.

நவம்பர் 21, வெள்ளி

செவ்வாயும் வெள்ளியும் தமயந்திக்கு டயாலிசிஸ். கோயமுத்தூரில் காலை ஒன்பது மணிக்கு அவளுடைய மெஷின் நேரம். அதைப் பிடிக்க ஐந்தே முக்கால் முதல் பஸ். அவள் வீட்டுக்கு மேலே தேயிலைக் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை ஒன்று ஏறுகிறது. பத்தே நிமிடத்தில் சவுக்கு வளைவுக்குப் போய்விடலாம், அங்கேதான் பஸ் நிற்கும். ரோட்டு வழியாகச் சுற்றினால் முக்கால் மணி நேரம்.

நான் சைக்கிள் மிதிப்பதும் அந்த வளைவு வரைக்கும்தான். அங்கே மரம் விட்டு வெளி. பனி இல்லாத நாளில் கீழே சமவெளி முழுக்கத் தெரியும். போட்டோ எடுக்க ஆட்கள் வருகிற இடம். எனக்கு அந்தக் காட்சியெல்லாம் பழசு. நான் பார்ப்பதில்லை.

நவம்பர் 26, புதன்

என் சம்சாரம் அமிர்தவல்லி ஸ்வெட்டரைத் துவைக்க எடுத்தவள் உதறிக் காட்டினாள்.

"ஏனுங்க, பையில என்ன இது, வர்க்கி பிஸ்கட் தூளா?"

"ஓடும்போது காக்காய்க்குப் போடறது."

"காக்காய்க்கு வெண்ணெய் வர்க்கியா?"

மேடம், அது காக்காய்க்குத்தான்.

அமிர்து ஸ்வெட்டரை வாளியில் போட்டாள். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அவளும் கையெழுத்துப் போட வேண்டும், சம்சாரத்தின் சம்மதம் இல்லாமல் எடுக்க மாட்டார்களாம். காகிதம் அலமாரியில் இருக்கிறது. நான் கேட்கவில்லை, அவளும் போடவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

மேடம், இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும். பெரிய சம்பவம்.

காலை ஆறேகாலுக்குச் சவுக்கு வளைவு. பனி அப்போதுதான் விலகுகிறது. சைக்கிள் பெல்லை அடித்தபடி திரும்புகிறேன், நடு ரோட்டில் ஒரு காட்டெருமை! சின்னது இல்லை, எங்கள் இலை லாரி அளவு. நாலு காலிலும் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி. இடது கொம்பு பாதியில் முறிந்து, ஒற்றைக் கொம்போடு நிற்கிறது. மூக்கிலிருந்து புகை. நான் பார்க்கிறேன், அது பார்க்கிறது. பத்து நிமிடம். வேறு ஆளாக இருந்தால் அங்கேயே விழுந்திருப்பான். நான் கண்ணை எடுக்காமல், சைக்கிளைப் பின்பக்கமாகவே உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆறே முக்காலுக்கே வீட்டில் என்னைப் பார்த்த அமிர்து, "என்னங்க, இன்னிக்கு அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றாள். சொன்னேன். கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

எங்கள் ஊரில் தாமதமாகப் போனாலும் சீக்கிரம் திரும்பினாலும் மூன்று காரணம் செல்லும்: மண்சரிவு, பஸ் வரவில்லை, காட்டெருமை. பள்ளிக்கூடத்திலும் கேட்க மாட்டார்கள், ஆபீசிலும் கேட்க மாட்டார்கள். எருமைக்குச் சாட்சி தேவையில்லை.

சாயங்காலம் டயாலிசிஸ் முடிந்து வந்த தமயந்தி, "நான் பஸ் ஏறும்போது ஒண்ணுமே இல்லையேண்ணே" என்றாள்.

"நீ போன பொறகுதான் வந்தான்" என்றேன்.

டிசம்பர் 4, வியாழன்

பால்காரர் போஜன் தானும் பார்த்தாராம், நேற்று. "ஒத்தக் கொம்பன்தானுங்க? அதே! என்னைப் பார்த்து தலையை ஆட்டுச்சு பாருங்க, பால் கேன் கையில நிக்கல." இலை ஷெட்டில் இதுவரை ஐந்து பேர் பார்த்துவிட்டார்கள். ஒருவர் குட்டியோடு பார்த்திருக்கிறார். ஆனால் முதலில் பார்த்தவன் நான்தான் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை.

வளைவுப் பக்கம் போக வேண்டாம் என்று அமிர்து சொல்லிவிட்டதால், ஷெட்டுக்குள்ளேயே மூட்டைகளைச் சுற்றி நூறு சுற்று. சுமார் ஐந்து கிலோமீட்டர் வரும்.

எடை (கழிவு போக, கடும் பனிக்கு இன்னும் நாலு கழித்து): எண்பத்துமூன்று.

டிசம்பர் 6, சனி

வனத்துறை ஆட்கள் இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். நாற்காலி போட்டு உட்காரவைத்து விளக்கினேன். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். ஒற்றையாக அலையும் கிழட்டு எருமைதான் ஆபத்து என்றார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். வளைவில் மஞ்சள் பலகை வைத்துவிட்டார்கள்: "காட்டெருமை நடமாட்டம் உள்ள பகுதி. தனியாகச் செல்லாதீர்கள்." தேயிலைக் காட்டுப் பாதையின் வாயில் கயிறு கட்டிவிட்டார்கள்.

என் வார்த்தைக்கு அரசாங்கமே பலகை வைத்திருக்கிறது.

டிசம்பர் 8, திங்கள்

கோயமுத்தூர். ஆஸ்பத்திரித் தராசு கண்ணாடி மாதிரி இருக்கிறது, முள்ளே கிடையாது. பூட்சைக் கழற்றச் சொன்னார்கள், ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னார்கள்.

எண்பத்தெட்டு புள்ளி ஆறு.

பெனசீர் மேடம் என் நோட்டையும் தராசையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எண்பத்திமூணுன்னு எழுதியிருக்கீங்களே ஐயா?"

ஈரக் கழிவை விளக்கினேன். மேடம் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. அதுதான் ஒரு மாதிரி இருந்தது. "இங்க கழிவு கிடையாதுங்கய்யா" என்று மட்டும் சொன்னார்.

டாக்டர் பிப்ரவரி இரண்டாம் தேதி கடைசியாகப் பார்ப்பாராம். தமயந்தியின் உடம்பு அதற்கு மேல் காத்திருக்காது, அதற்குள் நான் தேறவில்லை என்றால் அடுத்த ஆளைப் பற்றிப் பேசலாம் என்றார். அடுத்த ஆள் யார் என்று அவர் சொல்லவில்லை. வினோதினி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன், "கோவமா கண்ணு?"

"இல்ல மாமா. எனக்கு ஓட வேண்டியதே இல்லை, ஏற்கெனவே ஒல்லிதான். அம்மாகிட்ட நீங்க சொன்னா ஒத்துக்குவாங்க."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். குன்று, பாறை, குரங்கு.

டிசம்பர் 11, வியாழன்

கடுங்குளிர். ஓடவில்லை. ஒத்தக் கொம்பன் இன்றும் நின்றதாகப் போஜன் சொன்னார்.

டிசம்பர் 16, செவ்வாய்

அதே.

டிசம்பர் 19, வெள்ளி

தமயந்தி பஸ்ஸைத் தவறவிட்டாள்.

பாதையில் கயிறு இருப்பதால் ரோட்டைச் சுற்றித்தான் போயிருக்கிறார்கள், அம்மாவும் மகளும், நாலே முக்காலுக்கே கிளம்பி. அந்த நேரத்துக்கு ஆட்டோ கிடையாது. வழியில் மூச்சு வாங்கி மதகுக் கட்டையில் இரண்டு தடவை உட்கார்ந்தாளாம். மூன்றாவது தடவை எழுந்தபோது, எதிரே வளைவில் பஸ் திரும்பிப் போவது தெரிந்ததாம். வினோதினி கையைக் காட்டிக்கொண்டே ஓடியிருக்கிறாள். பனியில் யாருக்குத் தெரியும்?

மெஷின் நேரம் தப்பினால் தப்பியதுதான். போன் செய்ததில், நாளைக்குக் காலையில் இடம் தருகிறோம் என்றார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தேன். படுக்க முடியாமல் இரண்டு தலையணையில் சாய்ந்திருந்தாள். உதடு ஒரு மாதிரி நீலம். "ஒண்ணும் இல்லண்ணே, மூச்சுதான்" என்றாள். பேசும்போது நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தம்.

ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம். ஏற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீ அந்தப் பக்கம் போயிடாதண்ணே, ஒத்தக் கொம்பன் இருக்கான்."

டிசம்பர் 20, சனி

ஐ.சி.யூ.

டிசம்பர் 21, ஞாயிறு

ஐ.சி.யூ. கண்ணாடி வழியாகப் பார்க்க விட்டார்கள்.

டிசம்பர் 23, செவ்வாய்

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இட்லி அரை சாப்பிட்டாள்.

டிசம்பர் 25, வியாழன்

எழுந்தது நாலரை. ஓட்டம் ஒன்றரை கிலோமீட்டர், நடுவில் மூன்று தடவை நின்றேன். சைக்கிள் நாலு. எடை எண்பத்தெட்டு. கழிக்கவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

மேடம் கேட்டிருந்தீர்கள், குளிரில் எப்படி எழுந்திருக்கிறீர்கள் என்று. முன்பு எழுதியதெல்லாம் விடுங்கள். இப்போது செய்வது இதுதான். ஓடும் உடுப்போடும் குல்லாவோடும் படுக்கிறேன். பூட்ஸ் கட்டில் மேல். அலாரம் செல்போன் அடுப்பங்கரையில், எழுந்து போனால்தான் அது வாயை மூடும். முதல் பத்து நிமிடம் உடம்பு கெட்ட வார்த்தையில் திட்டுகிறது. பதினோராவது நிமிடம் களைத்துப்போய் சும்மா வருகிறது. சைக்கிளில் விரல்தான் பிரச்சினை. பிரேக் பிடிக்கிறேனா இல்லையா என்று விரலுக்கே தெரிவதில்லை. அமிர்து பழைய உல்லன் சாக்ஸை வெட்டிக் கையுறை தைத்துக் கொடுத்தாள்.

தைத்துக்கொண்டே, "அந்தக் காகிதத்த எடுத்துட்டு வாங்க" என்றாள். எடுத்து வந்தேன். கையெழுத்துப் போட்டாள். "நீங்க வெட்டிப்பேச்சு பேசுனாலும் வீட்ல ஒரு சத்தமிருக்கும். நல்லபடியா திரும்பி வரணும், அத நெனச்சிக்கிட்டு ஓடுங்க" என்றாள். காகிதத்தை மடித்து அலமாரியில் வைத்தேன். நான் பதில் சொல்லாதது கல்யாணம் ஆனதிலிருந்து இதுதான் முதல் தடவையாம்.

ஜனவரி 3, சனி

உறைபனி. பூங்கா புல்வெளி எல்லாம் உப்புக் கொட்டினது மாதிரி. சைக்கிள் சீட்டின் மேல் பனி இறுகிக் கிடந்தது, சுரண்டிவிட்டு ஏறினேன். ஓட்டம் மூன்றரை. சைக்கிள் பத்து. எடை எண்பத்தாறு புள்ளி இரண்டு.

மேட்டில் ஏறப் பழக வேண்டும் என்றால் சவுக்கு வளைவு ரோடுதான் சரி. இன்று பலகையைத் தாண்டிப் போனேன்.

ஜனவரி 6, செவ்வாய்

ஊரில் பேச்சு இப்படி ஆகிவிட்டது: தங்கைக்காக, ஒத்தக் கொம்பன் நிற்கும் ரோட்டில் தனியாளாகப் போகிறான் பொன்னுரங்கம். இலை ஷெட்டில் ஒரு அம்மா எனக்குத் திருஷ்டி கழித்தார். போஜன், "உங்களுக்கு நெஞ்சு இரும்புங்க" என்கிறார்.

முன்பாக இருந்தால் இதை ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

ஜனவரி 9, வெள்ளி

தமயந்திக்கும் காதில் விழுந்துவிட்டது. வாரத்துக்கு இரண்டு நாளும் இப்போது ஜீப் வைத்துத்தான் அவளை பஸ்ஸுக்குக் கொண்டுபோகிறார்கள். இன்று சாயங்காலம் வந்து இறங்கியதும் நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, நெசமா அந்த வளைவுக்குத்தான் போறியா?"

"மேடு அங்கதான தமு இருக்கு."

"எனக்குக் கிட்னி குடுக்கறதுக்காக நீ எருமைகிட்ட குத்துப்பட்டுச் சாவணுமா? ஒண்ணும் வேண்டாம். நீ அங்க போறத நிறுத்தற வரைக்கும் நான் எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போடமாட்டேன். அம்மா மேல சத்தியம்."

அவள் சத்தியம் செய்தால் செய்ததுதான். சின்ன வயதில் என்னோடு பேசமாட்டேன் என்று சத்தியம் செய்து எட்டு மாதம் பேசாமல் இருந்தவள்.

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாய் வரைக்கும் வந்தது. "சரி, போகல" என்றேன்.

ஜனவரி 10, சனி

போனேன். விடிவதற்கு முன்பே போய், ஜனம் நடமாடுவதற்குள் திரும்பிவிட்டேன். ஓட்டம் நாலு, சைக்கிள் பன்னிரண்டு.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். ஒரு கரண்டி வாங்கி, முகர்ந்து பார்த்து, அமிர்துவிடம் திருப்பிக் கொடுத்தேன். எடை எண்பத்து நாலு புள்ளி ஒன்பது.

ஜனவரி 18, ஞாயிறு

இன்று வினோதினியும் ஓடி வந்தாள், நான் சைக்கிளில். கேட்காமலே வளைவுப் பக்கம் திரும்பினாள். பலகையடியில் நின்றாள். குனிந்து ரோட்டோரம், கயிறு கட்டிய பாதை, புல் எல்லாம் பார்த்தாள்.

"மாமா, எந்தக் கொம்பு ஒடஞ்சிருந்துச்சு?"

"வலது."

"அன்னிக்கு இடதுன்னீங்க."

"அது பார்த்தா இடது, நான் பார்த்தா வலது."

"ஒண்ணரை மாசமா எருமை நடமாடற எடம். ஒரு சாணி கூட இல்ல மாமா."

"ஒழுக்கமான எருமை" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மதகுக் கட்டையில் அம்மாவை உட்காரவைத்த பெண் அவள். பனியில் கையைக் காட்டிக்கொண்டு பஸ் பின்னால் ஓடியவள் அவள். அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். கழுத்துத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "இன்னும் மூணு கிலோ இருக்கு மாமா. வாங்க, மேட்டுல ஏறலாம்" என்று முன்னால் ஓட ஆரம்பித்தாள்.

ஜனவரி 19, திங்கள்

அவள் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது. ஓட்டம் ஐந்து.

ஜனவரி 27, செவ்வாய்

எண்பத்துமூன்று புள்ளி ஒன்று. முழங்கால் வீக்கம். சைக்கிள் மட்டும்.

ஜனவரி 30, வெள்ளி

எண்பத்திரண்டு புள்ளி மூன்று. இலை ஷெட் தராசில் ஏறினால் முள் ஆடி நிற்பதற்குள் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 2, திங்கள்

கண்ணாடித் தராசு. பூட்ஸ், ஸ்வெட்டர், பெல்ட், கையிலிருந்த காப்புக் கயிறு எல்லாம் நானே கழற்றினேன்.

எண்பத்தொன்று புள்ளி ஏழு.

பெனசீர் மேடம் இன்னொரு தடவை ஏறச் சொன்னார். அதே. டாக்டர் இந்தத் தடவை எதையும் எடுப்பதற்காக எழவில்லை, எனக்குக் கை கொடுக்கத்தான் எழுந்தார். வினோதினி சாட்சி. பிப்ரவரி பன்னிரண்டு, வியாழக்கிழமை ஆபரேஷன்.

தமயந்தி கேட்டாள், "அந்த வளைவுக்குப் போறத விட்டுட்டதானே?"

"எப்பவோ விட்டாச்சு" என்றேன். கையெழுத்துப் போட்டாள்.

பிப்ரவரி 11, புதன், மாலை நாலு மணி

வார்டு. ஜன்னலோரக் கட்டில். நாளைக் காலை ஏழு மணிக்கு என்னை முதலில் கொண்டுபோவார்கள், பிறகு அவளை. இரண்டு கட்டில் தள்ளித் திரைக்கு அந்தப் பக்கம் தமயந்தி இருக்கிறாள், நர்ஸிடம் அண்ணன் சைக்கிள் பந்தயத்தில் பரிசு வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்கிறது. அதையும் என்னைவிட அழகாகச் சொல்கிறாள்.

இந்த நோட்டை மேடம் இன்று வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். கொடுப்பதற்கு முன் ஒன்று எழுத வேண்டும்.

பந்தயத்தை அப்படியே விட்டுவிடுங்கள். அமெரிக்காவையும் விட்டுவிடுங்கள். காக்காய்க்கு வர்க்கி போட்டதை நீங்களே அன்றைக்கே அடித்திருப்பீர்கள். அதனாலெல்லாம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டிசம்பர் இரண்டாம் தேதி எழுதியது வேறு.

அன்று வளைவில் நான் போனபோது பனி விலகியது உண்மை. அதுவரை பனி இருக்கும் நாளாகப் பார்த்துத்தான் அங்கே போயிருந்தேன். அன்று மொத்தமாக விலகிவிட்டது. கீழே சமவெளி. தூரத்தில் வெள்ளையாக ஒரு பெரிய கட்டடம். இந்த ஆஸ்பத்திரியா, ஏதாவது மில்லா என்று இன்றுவரை தெரியாது. அது என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. அங்கே ஒரு மேசையில் என்னைப் படுக்கவைத்து, வயிற்றைத் திறந்து, கையை உள்ளே விடுவார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நெஞ்சில் தட்டிச் சொன்னபோது புரியவில்லை. எடை குறையாவிட்டால் எடுக்க மாட்டார்கள் என்பதும் அதே நிமிடம் புரிந்தது. அங்கேயே சைக்கிளைத் திருப்பிவிட்டேன். வீட்டுக்கு வரும் வழியில் அமிர்துவுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் செல்லுகிற காரணத்தைச் சொன்னேன்.

மேடம், படித்து முடித்ததும் வினோதினியிடம் கொடுங்கள். அவளுக்குத் தெரியும், இருந்தாலும் ரசீது வேண்டும் என்பாள். தமயந்தி கண் விழித்துப் பேச ஆரம்பித்ததும் அவளுக்கும் படித்துக் காட்டட்டும். எட்டு மாதம் பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும், மூச்சு விட்டுக்கொண்டு இருப்பாள் அல்லவா? வனத்துறையில் சொல்லி அந்தப் பலகையைக் கழற்றச் சொல்லுங்கள், பாதையில் கட்டிய கயிற்றையும் அவிழ்க்கச் சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பினால் அவள் பஸ்ஸுக்கு அந்தப் பத்து நிமிட வழியில்தான் போவாள்.

ஒத்தக் கொம்பன் கிடையாது. அன்று அந்த வளைவில் வழியை மறித்துக்கொண்டு நின்றது நான்தான்.